பிளக்கைப் பிடுங்கினால் போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு ஸ்டீரியோ பாட மறுத்துவிட்டது. பாட்டு வர வேண்டிய இடத்தில் இரண்டு ஸ்பீக்கரிலும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். தெப்பக்காட்டில் மூன்று நாளாகக் காற்றும் மழையும். எங்கோ மரம் விழுந்து லைன் அறுந்து, கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. பத்தாம் வகுப்பு படிக்கும் பேரன் கையில் ஸ்குரூடிரைவரோடு வந்து நின்றான்.

"தாத்தா, பிளக்கைப் பிடுங்கிட்டேன். திறக்கட்டுமா?"

"தொடாதேடா!" என்று நான் போட்ட சத்தத்தில் கூரைமேல் உட்கார்ந்திருந்த குரங்குகூட ஓடிவிட்டது. பையன் முகம் சுருங்கிப் போயிற்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தாத்தா ஏன் இப்படிப் பயப்படுகிறார் என்று அவனுக்குப் புரியவில்லை. அன்று மாலை அவனை உட்கார வைத்துச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் அல்ல. தபால் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ரேடியோக்களோடு எனக்கு உத்தியோக முறையிலேயே சம்பந்தம் உண்டு. அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கொடுத்தது தபால் ஆபீஸ். பாஸ்புத்தகம் போல ஒரு சின்னப் புத்தகம். பெரிய செட்டுக்கு வருடம் 15 ரூபாய். பணம் கட்டினால் ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை குத்திக் கொடுப்போம். 1972-ல் நீலகிரிக்கு வந்ததிலிருந்து 1980-களின் நடுவில் அந்த லைசென்ஸ் முறையே எடுபட்டுப் போகும் வரை எத்தனை புத்தகங்களில் முத்திரை குத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. யார் வீட்டில் என்ன செட்டு, என்ன கம்பெனி என்பதெல்லாம் அரசாங்கத்துக்குத் தெரியும். அந்த செட்டின் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று மட்டும் எந்தப் படிவமும் கேட்டதில்லை.

பாட்டரி காலம்

தமிழ்நாட்டில் வானொலி 1924-ல் சென்னை மாகாண ரேடியோ கிளப்போடு தொடங்கியது. பணமில்லாமல் அது 1927-ல் மூடப்பட்டது. 1930-ல் சென்னை மாநகராட்சி அந்தப் பணியை ஏற்று நடத்தியது. 1938-ல் ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் வந்தது.

இதற்கிடையில், 1932-ல், தெப்பக்காட்டிலிருந்து அதிக தூரமில்லாத சிங்காராவில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. பைக்காரா ஆற்று நீரைச் சுமார் 3000 அடி கீழே குழாயில் இறக்கி எடுத்த மின்சாரம் அது. கோயம்புத்தூர் மில்கள் பெருகியது அதனால்தான். ஆனால் கம்பி நம் தலைக்கு மேலே போயிற்றே தவிர, இந்தக் காட்டோரக் குடியிருப்புகளில் வெகுகாலம் சிம்னி விளக்குதான். எஸ்டேட் பங்களாக்களில்கூட ரேடியோ பாட்டரியில்தான் பாடியது. வால்வு செட்டுக்கு 90 வோல்ட் டிரை பாட்டரி ஒன்று, வால்வின் இழையைச் சூடாக்க 1.5 வோல்ட் பாட்டரி ஒன்று. சில செட்டுகளுக்குக் கார் பாட்டரி. அன்றைய ஆபத்து ஆசிட். வேட்டியில் ஓட்டை, கையில் புண். உயிருக்கு மோசமில்லை.

தூ கூரான்

நான் பிறந்து வளர்ந்தது பாண்டிச்சேரி. படித்தது பிரெஞ்சு மீடியம். தமிழைப் பின்னால்தான் முறையாகக் கற்றேன் என்பதை நீங்கள் என் எழுத்திலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரு பிரெஞ்சு ரேடியோ இருந்தது. அதன் முதுகில் 'தூ கூரான்' என்று அச்சிட்டிருக்கும். தமிழ்க் காதுக்கு யாரோ துப்புவது போல இருந்தாலும், 'எல்லா மின்னோட்டமும்' என்று பொருள். அதாவது ஏசி, டிசி இரண்டிலும் ஓடும்.

அப்படி ஒரு செட்டு ஏன் வேண்டியிருந்தது? அந்நாளில் சில ஊர்களில் டிசி கரண்ட், சில ஊர்களில் ஏசி. டிரான்ஸ்ஃபார்மர் டிசியில் வேலை செய்யாது. ஆகவே டிரான்ஸ்ஃபார்மரையே எடுத்துவிட்டு, வால்வுகளின் இழைகளை மாலை போலக் கோர்த்து, நேரே மெயினில் மாட்டிவிட்டார்கள். செட்டும் மலிவாயிற்று, எடையும் குறைந்தது. இங்கிலாந்து, பிரான்சு, இந்தியா எல்லா இடத்திலும் இந்த வகை விற்றது.

விலை வேறு விதத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. செட்டின் உள்ளே இருக்கும் உலோகத் தட்டு, சேஸிஸ் என்பார்களே, அது மெயினின் ஒரு கம்பியோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும். டூ-பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட். வெளியே மரப்பெட்டியும் பேக்கலைட் குமிழும் இருப்பதால் பாட்டுக் கேட்பவருக்கு ஒன்றுமில்லை. குமிழை இறுக்கும் சின்னத் திருகுகூடக் கையில் படக்கூடாது என்று அந்தத் துவாரத்தை மெழுகு வைத்து அடைத்திருப்பார்கள். ரிப்பேருக்குக் குமிழைக் கழற்றும்போது அந்த மெழுகு போய்விடும். திருப்பி வைப்பவர் சிலர், வைக்காதவர் பலர்.

பாயின் கடை

கூடலூரில் நான் வேலை பார்த்தபோது ஒரு ரேடியோ ரிப்பேர் கடை உண்டு. எல்லோரும் அவரை 'ரேடியோ பாய்' என்றே கூப்பிடுவோம். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். வேலை செய்யும்போது அவருடைய இடது கை எப்போதும் சட்டைப் பாக்கெட்டில் இருக்கும். குளிருக்காக என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன்.

"சார், ரெண்டு கையும் உள்ளே விட்டா கரண்ட் இந்தக் கையில ஏறி நெஞ்சு வழியா அந்தக் கையில இறங்கும். ஒரு கைன்னா அந்த வழி இல்லை."

கடைச் சுவரில் ஓர் இளைஞனின் படம் மாட்டியிருந்தது. அவருடைய தம்பி. அண்ணனிடமே தொழில் பழகியவன். 1960-களில் ஓர் ஆடி மாத மழைநாளில், ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று ஒரு ஏசி-டிசி செட்டைத் திறந்திருக்கிறான். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் திறந்தான். ஆனால் செட்டின் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும்தான் அறுக்கும். மறு கம்பி வழியாக வந்த கரண்ட் வால்வு இழைகளைக் கடந்து சேஸிஸில் நின்றுகொண்டிருந்தது. டயல் விளக்கு எரியவில்லை, பாட்டு இல்லை. செத்த செட்டு என்று அவன் தொட்டான்.

பாய் இதைச் சொல்லும்போது கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. "அணைச்சான் சார், பிடுங்கலை," என்றார். அவ்வளவுதான்.

ஸ்டீரியோ வந்தது

இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஒலி கொடுக்கும் யோசனைக்கு இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் என்ற எஞ்சினியர் 1931-லேயே காப்புரிமை கேட்டிருந்தார். சினிமாவில் ஆள் ஒரு பக்கம் நிற்க, குரல் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது அவருக்குப் பிடிக்கவில்லையாம். அவர் 1942-ல் ராடார் சோதனையின்போது விமான விபத்தில் இறந்துபோனார். கடைகளில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாக வந்தது 1958-ல். நம் ஊர் நடுத்தர வீடுகளுக்கு அது வந்து சேர இன்னும் இருபது வருடம் ஆயிற்று. தமிழில் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவான முதல் படம் 1978-ல் வந்த 'ப்ரியா' என்பார்கள்.

கம்பெனி ஸ்டீரியோ வாங்க கிளார்க் சம்பளம் போதாது. சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி வந்து, உள்ளூர் மெக்கானிக் கையால் கூட்டிக்கொள்வதுதான் வழக்கம். என்னுடையது 1980-ல் பாய் கூட்டிக் கொடுத்தது. பக்கத்துக்கு இரண்டாக டூ-என் 3055 டிரான்சிஸ்டர், தேக்குப் பெட்டி, கனமான டிரான்ஸ்ஃபார்மர். இந்த டிரான்ஸ்ஃபார்மர்தான் பெரிய பாதுகாப்பு. மெயினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே அது சுவராக நிற்கும். உள்ளே ஓடுவது 50 வோல்ட்தான். அப்பாடா என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

பாய் நினைக்கவில்லை. விரல் பருமனுக்கு நின்ற அலுமினிய டப்பாவைக் காட்டினார். அவர் அதைக் கண்டென்சர் என்பார். இன்றைய பிள்ளைகள் கெபாசிட்டர் என்கிறார்கள். பிரெஞ்சிலும் 'கோந்தான்சாத்தர்' என்பதால் எனக்கு அவர் சொல்வதே பழக்கமாயிற்று. ஏசியை டிசியாக்கும்போது அலை அலையாக வருவதைத் தேக்கி, சமமாக்கி அனுப்பும் ஏரி அது. பிளக்கைப் பிடுங்கினாலும் ஏரி உடனே வற்றாது. 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்றால் ஏறக்குறைய 12 ஜூல் உள்ளே நிற்கும். ஸ்குரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்தால் 'டப்' என்று வெடித்து நுனி உருகிவிடும். பொறி கண்ணில் தெறித்தவர்கள் உண்டு. வால்வு செட்டில் அதே ஏரி 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்; அது ஆளையே தூக்கும்.

1980-களில் பர்மா பஜார் சரக்கு வந்தது. ஜப்பானில் விற்கச் செய்த 100 வோல்ட் டெக்கை நம் 230-ல் சொருகிப் புகைய விட்டவர்கள் பாய் கடைக்கு வாரம் ஒருவராவது வருவார்கள். முன்பு மனிதரைச் சுட்ட தவறு, இப்போது செட்டைச் சுட்டது.

இன்றைய மெல்லிய ஹோம் தியேட்டர்களில் அந்தக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். என்ற சின்னப் பலகைதான். அதில் மெயின் கரண்ட் முதலில் அப்படியே டிசியாக்கப்பட்டு, 325 வோல்ட் அளவில் ஒரு கெபாசிட்டரில் நிற்கிறது. நூறு வருடத்தில் ஆபத்து போய்விடவில்லை. ஆசிடிலிருந்து சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து கண்டென்சருக்கும் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

வீட்டில் நாமே செய்யலாம், செய்யக் கூடாது

பாயிடம் கேட்டுக் கற்றதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிளக் உங்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் வீட்டில் யாராவது நல்ல எண்ணத்தில் சொருகிவிடுவார்கள்.

2. 50 வோல்ட் வகை டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் என்றால், இன்சுலேஷன் உள்ள கிளிப்போடு 1000 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் கண்டென்சரின் இரு முனையிலும் ஒரு நிமிடம் வைத்து வற்ற விட வேண்டும். பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தே கையை விடலாம். வால்வு செட்டுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கும் இந்தக் கணக்கு ஆகாது. அவற்றை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

3. ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ். செம்புக் கம்பியோ சிகரெட் பாக்கெட் ஜிகினாவோ சுற்றக் கூடாது. திரும்பவும் போனால் குறை வேறெங்கோ இருக்கிறது.

4. வால்யூம் கரகரத்தால் அதற்கென்று விற்கும் கிளீனரை, செட்டு அணைந்திருக்கும்போது மட்டும் அடியுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

5. ஸ்பீக்கர் வயரை ஓடும்போது மாற்றாதீர்கள். இரு வயர் உரசினால் டிரான்சிஸ்டர் போய்விடும்.

6. நம் மலைப்பக்கத்துக்கு ஒன்று. இடிமழை நெருங்கும் முன்பே பிளக்கையும் ஏரியல் வயரையும் கழற்றிவிடுங்கள்; இடி கேட்க ஆரம்பித்த பிறகு அவற்றைத் தொடாதீர்கள். காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். சூட்டுக்காகப் பல்லியும் எறும்பும் உள்ளே குடியேறும். பவர் சப்ளையில் பல்லி கருகி ஷார்ட் ஆவது இங்கே சாதாரணம்.

சீரிஸ் பல்பு

செவ்வாய்க்கிழமை மழை விட்டதும் நானும் பேரனும் ஸ்டீரியோவைத் துணியில் சுற்றி, தொரப்பள்ளி வழியாகக் கூடலூருக்கு எடுத்துப் போனோம். பாய் இப்போது இல்லை. மகன் அதே இடத்தில் செல்ஃபோன் கடை வைத்திருக்கிறார். பெட்டியைப் பார்த்ததும், "வாப்பா கையெழுத்து மாதிரி இருக்கு, அங்கிள்," என்றார். உள்ளே பற்றவைப்பைப் பார்த்துச் சொன்னது அது.

முனகலுக்குக் காரணம் கண்டென்சரே. நாற்பது வருடத்தில் உள்ளிருந்த ரசாயனம் வற்றிப் போய், அலையைச் சமமாக்கும் சக்தி குறைந்துவிட்டது. அந்த அலை 'ஹம்'மாகக் கேட்டிருக்கிறது. புதிது போட்டார். ஆனால் உடனே மெயினில் மாட்டவில்லை. அப்பா காலத்துச் சீரிஸ் பல்பு பலகையை எடுத்தார். ஒரு குண்டு பல்பின் வழியாக மட்டுமே கரண்ட் செட்டுக்குப் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசமாக எரிந்து, செட்டைக் காப்பாற்றும். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. "ஆனா தம்பி, இது செட்டைத்தான் காப்பாத்தும். உன்னைக் காப்பாத்தாது," என்று பேரனிடம் சொன்னார். சொன்னபோது அவருடைய இடது கை பாக்கெட்டில் இருந்தது.

சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்து, கண்டென்சர் நிறைந்ததும் மெல்ல மங்கியது. பிறகு நேர் மெயினில் மாட்டினார். முனகல் இல்லை. பாட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது.

சுவரில் அந்தப் பழைய படத்துக்குப் பக்கத்தில் பாயின் படமும் இப்போது இருக்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பேரன் கேட்டான்: "தாத்தா, அந்த அங்கிள் கிட்ட லீவுல வேலை கத்துக்கலாமா?"

கத்துக்கோடா என்றேன்.