கல்கத்தாவின் சீனக் கடைத்தெரு

திருநெல்வேலிப் பக்கத்தில் சர்க்கரைக்குச் சீனி என்று பெயர், வாணலிக்குச் சீனச்சட்டி. நம் பேச்சில் இப்படி வந்து உட்கார்ந்துகொண்ட சீனர்கள், நம் தேசத்தில் பெருவாரியாக வந்து குடியேறிய நகரம் கல்கத்தா. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதையும் சர்க்கரையில்தான் ஆரம்பமாகிறது.

வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலாக இருந்த நாளில் டோங் அச்சூ என்ற சீன வியாபாரி கல்கத்தாவுக்குத் தெற்கே, பஜ்பஜ் பக்கத்தில் ஹூக்ளிக் கரையோரமாக நிலம் பெற்றார். கரும்பு போட்டார், ஆலை வைத்தார், சீனத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார். அந்த ஆட்கள் நிற்கவில்லை. கப்பல்களை விட்டு ஓடிவந்த வேறு சீனர்கள் தம் ஆட்களைக் கலைக்கிறார்கள் என்று கம்பெனியாரிடம் அவர் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று. 1783க்குள் அவரும் போய்ச் சேர்ந்தார், ஆலையும் போயிற்று. ஊருக்கு மட்டும் அச்சிப்பூர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆற்றங்கரையில் குதிரை லாட வடிவத்தில் அவருடைய சிவப்புச் சமாதி இருக்கிறது. சீனப் புது வருஷத்தை ஒட்டிக் கல்கத்தாச் சீனர்கள் அங்கே போய் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டு வருவது வழக்கம்.

நகரத்துக்கு வந்தவர்கள் தங்கிய இடம் டிரெட்டா பஜார். டிரெட்டா சீனரல்லர், இத்தாலியர். கல்கத்தாவின் வீதிகளுக்கு மேற்பார்வை அதிகாரியாக இருந்தவர். காஸனோவாவின் சுயசரிதையில் தலைகாட்டிவிட்டுப் போகும் டிரெட்டா இவர்தானாம். கதை எழுதுகிறவன் இப்படி ஓர் ஆளைக் கற்பனை செய்திருந்தால் பத்திரிகாசிரியர் நம்பமாட்டார்.

இந்தப் பேட்டையில் சீனத்தின் ஒவ்வொரு சீமையும் ஒவ்வொரு தொழிலைப் பிடித்துக்கொண்டது. காண்டன்காரர்கள் தச்சர்கள், கப்பல் துறையில் அவர்களுடைய உளிக்குத் தனி மதிப்பு. ஹூபே மாகாணத்தார் பல் கட்டுகிறவர்கள். இவர்கள் கல்கத்தாவோடு நிற்கவில்லை. நம் சென்னையிலும் சீனப் பல் வைத்தியர் என்ற பலகையைப் பார்த்தவர்கள் உண்டு. ஹக்கா ஜாதியார் பென்டிங்க் தெருவில் செருப்புக் கடை வைத்தார்கள். பிறகு, 1910-ஐ ஒட்டி, நகரத்தின் கிழக்கோரச் சதுப்பில் தாங்ரா என்ற இடத்தில் தோல் பதனிடத் தொடங்கினார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செத்த மாட்டின் தோலை யார் தொடுவது? மேல்ஜாதி இந்து தொடமாட்டான். செய்துகொண்டிருந்தவர்களுக்கோ கையில் முதல் இல்லை. அந்த இடைவெளியில் சீனர் வந்து நின்றார். பீகாரிலிருந்து வந்த, தோல் வேலையையே பிறவிக் கடனாகச் சுமத்தப்பட்ட ஏழைகளைக் கூலிக்கு வைத்துக்கொண்டார். கீழே தொட்டிகள், மேலே குடித்தனம். உலக யுத்தங்கள் வந்து பட்டாளத்துக்குப் பூட்ஸ் தேவைப்பட்டபோது தாங்ரா செழித்தது. அந்த நாற்றத்தைச் சகிக்க முடியாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு போன பாபுமார்கள், துர்க்கா பூஜைக்குப் புதுச் செருப்பு வாங்கப் பென்டிங்க் தெருவுக்குத்தான் வந்தார்கள்.

நான் டிரெட்டா பஜாருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனேன். நடைபாதையில் மூங்கில் பாத்திரங்களில் ஆவி பறக்கப் பலகாரம் விற்பது அங்கே பிரசித்தம். எனக்கு மாமிசம் ஆகாது. ஆகவே வேடிக்கை பார்ப்பதோடு சரி. விற்கிறவர்களிலும் வாங்குகிறவர்களிலும் பாதிப் பேருக்கு மேல் சீன முகமாக இல்லை. பக்கத்துச் சந்தில் கோயிலுக்கு வழி கேட்டால் "சர்ச்சா?" என்றார்கள். குவான் யூ என்ற பழைய வீரனைத் தெய்வமாக வைத்துக் கும்பிடும் இடத்துக்குக் கல்கத்தாவில் சர்ச் என்றுதான் பெயர்! இந்த மாதிரி ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில்தான் 1920-களில் நான்கிங் ஹோட்டல் ஆரம்பித்தது. சினிமா நட்சத்திரங்களெல்லாம் வந்து சாப்பிட்டுப் போன இடம்.

1962 அக்டோபரில் எல்லையில் யுத்தம் மூண்டது. அதற்குப் பிறகு பிறந்த உத்தரவுகளில் 'சீன வம்சாவளியினர்' என்றொரு பதம் புகுந்தது. தாய் தகப்பனோ, பாட்டன் பாட்டியில் ஒருவரோ சீனப் பிரஜையாக இருந்திருந்தால் போதும். அஸ்ஸாம், டார்ஜீலிங், கல்கத்தா முதலிய இடங்களிலிருந்து சுமார் 3,000 பேரை ரயிலேற்றி ராஜஸ்தான் பாலைவனத்துப் பக்கம் தேவ்லி முகாமுக்கு அனுப்பினார்கள். கிழவர்களும் கைக்குழந்தைகளும் அதில் உண்டு. யுத்தம் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. முகாமில் சிலருக்கு அது 1967 வரை முடியவில்லை. விடுதலையாகி ஊர் திரும்பியவர்களில் பலருடைய வீடும் பண்டமும் ஏலத்தில் போயிருந்தன. கல்கத்தாவில் மிஞ்சியவர்கள் போலீஸில் அடிக்கடி ஆஜர் கொடுக்க வேண்டும். அனுமதியில்லாமல் ஊர் தாண்டக் கூடாது. எல்லையில் சண்டை போட்டது யாரோ. செருப்புத் தைத்தவனும் பல் கட்டியவனும் செய்த குற்றம் என்ன என்று கேட்க அன்று அநேகமாக ஆளில்லை.

1963-ல் சீன சர்க்கார் அனுப்பிய கப்பல்கள் வந்து நின்றது நம் சென்னைத் துறைமுகத்தில்தான். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை அவை ஏற்றிக்கொண்டு போயின. 'தாய்நாடு' என்று சொல்லி அனுப்பிய அந்தத் தேசத்தை அவர்களில் எத்தனையோ பேர் கண்ணால் பார்த்ததே கிடையாது. அந்தக் கப்பல்களைப் பற்றி நம் கதைகளில் ஒரு வரி இருப்பதாக எனக்கு ஞாபகமில்லை.

பிறகு என்ன? பேட்டை கலைந்தது. ஆனாலும் 1969-ல் தாங்ராவில் ஒரு சீனத் தினசரி பிறந்தது. ஐம்பது வருஷம் தள்ளாடி நடந்து ஓய்ந்தது. கழிவு நீரைக் காரணம் காட்டி, தோல் தொழிற்சாலைகள் பந்தலாவுக்குப் போக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1996-ல் தீர்ப்பளித்தது. தோல் காய்ந்த கொட்டகைகள் பல, ஹோட்டல்களாயின. அங்கே ஒரு காளி கோயில் உண்டு, சீனர்கள் நடத்துவது, நூடுல்ஸ் நைவேத்தியம் செய்கிறார்கள். ஒரு காலத்தில் பதினாயிரக் கணக்கில் இருந்த ஜனம் இன்று இரண்டு மூவாயிரத்துக்கு வந்துவிட்டது.

பிள்ளைகள் கனடாவுக்குப் போய்விட்டார்கள். டொராண்டோவில் 'ஹக்கா' என்று பலகை மாட்டிய ஹோட்டல்கள் நிறைய இருக்கின்றன. பச்சை மிளகாயும் இஞ்சியும் பூண்டும் தாராளமாகப் போட்ட கல்கத்தாச் சமையல் அது. அங்கே போய்ச் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்.