அக்ரோபோலிஸ் அருங்காட்சியகமும் அதன் அடியில் உள்ள பழைய ஊரும்

கிரேக்கத் தலைநகர் ஏதென்சில், அக்ரோபோலிஸ் குன்றுக்குத் தென்கிழக்கே சுமார் 300 மீட்டர் தொலைவில் உள்ளது அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம். 2009 ஜூன் மாதம் திறக்கப்பட்ட இக்கட்டடம், ஒரு பழைய ஊரின் இடிபாடுகளுக்கு மேலே தூண்களின் மீது நிற்கிறது.

குன்றின் மேல் இருந்த 19ஆம் நூற்றாண்டு அருங்காட்சியகத்தில் இடம் போதவில்லை. 1976, 1979 ஆகிய ஆண்டுகளில் நடந்த வடிவமைப்புப் போட்டிகளால் பயனில்லை. பார்த்தினன் கோயிலில் எஞ்சிய சிற்பங்களில் ஏறத்தாழப் பாதியை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்கின் பிரபு பிரித்தானியாவுக்குக் கொண்டுபோயிருந்தார். அவற்றைக் கிரேக்கம் திருப்பிக் கேட்டபோதெல்லாம், வைப்பதற்குத் தக்க இடம் அங்கே இல்லை என்பதும் ஒரு மறுப்பாகச் சொல்லப்பட்டது. எனவே 1989இல் மூன்றாவது போட்டி நடந்தது. இத்தாலியக் கட்டடக் கலைஞர்கள் வென்றனர்.

ஆனால் மண்ணைத் தோண்டியபோது தெருக்கள், வீடுகள், குளியலறைகள், பட்டறைகள், கிணறுகள் வெளிப்பட்டன. செவ்வியல் காலம் முதல் பைசாந்தியக் காலம் வரை மக்கள் அடுக்கடுக்காக வாழ்ந்த இடம் அது. கோயில் சிற்பங்களுக்கு இடம் தேடப்போய், சாதாரணக் குடிமக்களின் வீடுகளை அழிப்பதா என்ற கேள்வி எழுந்தது. இத்தாலிய வடிவமைப்பு கைவிடப்பட்டது.

2000இல் நடந்த நான்காவது போட்டியில், இடிபாடுகளையும் கட்டடத்தின் பகுதியாக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெர்னார்ட் சூமி, மைக்கேல் ஃபோட்டியாடிஸ் ஆகியோரின் வடிவமைப்பு தேர்வானது. நூற்றுக்கும் மேற்பட்ட கான்கிரீட் தூண்கள் கட்டடத்தைத் தாங்குகின்றன. ஒவ்வொரு தூணும் எங்கே ஊன்றலாம் என்பது தொல்லியலாளர்களோடு கலந்து முடிவு செய்யப்பட்டது. வழக்கமாகக் கட்டடத்தின் வரைபடமே தூணுக்கு இடம் சொல்லும்; இங்கே பழஞ்சுவர்கள் சொல்லின. ஏதென்சு நிலநடுக்கப் பகுதி என்பதால் அதிர்வு தாங்கும் அமைப்பும் சேர்க்கப்பட்டது. தரையின் பல பகுதிகள் கண்ணாடி. நடந்துகொண்டே கீழே பார்க்கலாம்.

எதிர்ப்பு ஓயவில்லை. தூணுக்குத் தோண்டுவதும் அழிவுதான் என்று வாதிட்டோர் நீதிமன்றம் சென்றனர். 2004 ஒலிம்பிக்குக்குள் திறக்கும் திட்டம் நடக்கவில்லை. பிறகு, குன்றை மறைக்கின்றன என்று முன்னால் இருந்த 20ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் இரண்டை இடிக்க முயன்றதும், பொதுமக்கள் எதிர்ப்பால் அவை தப்பியதும் வேடிக்கையான திருப்பம்.

மேல்தளம் பார்த்தினனுக்கு இணையாகத் திருப்பி அமைக்கப்பட்டுள்ளது. இலண்டனில் உள்ள சிற்பங்களுக்குப் பதிலாக அங்கே வெண்ணிறச் சாந்துப் படிகள் நிற்கின்றன. கீழே உள்ள பழைய ஊரோ, திறப்புக்குப் பத்தாண்டுகள் கழித்து, 2019 ஜூனில்தான் பார்வையாளர் இறங்கி நடக்கத் திறந்துவிடப்பட்டது.