சோளம் வந்தது, சுண்ணாம்பு வரவில்லை



மக்காச்சோளம் நமக்குத் தெரிந்த பயிர்தான். பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. ஆனால் அது எங்கே பிறந்தது, அதை உண்டாக்கிய ஜனங்கள் அதை எப்படிச் சாப்பிட்டார்கள் என்று யோசித்திருக்கிறோமா? அதிலே நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சேதி இருக்குதுங்க.

அதன் பிறந்த ஊர் மெக்சிகோ நாடு. சுமார் 9,000 வருஷத்துக்கு முன்னால், தியோசின்டே என்ற காட்டுப் புல்லிலிருந்து அங்கத்திய குடியானவர்கள் இதை உண்டாக்கினார்கள். அந்தப் புல்லின் கதிர் விரல் நீளம்தான். அதிலே பத்துப் பன்னிரண்டு மணி, ஒவ்வொன்றும் கல் மாதிரி ஓட்டுக்குள்ளே. தலைமுறை தலைமுறையாக நல்ல கதிரைப் பொறுக்கி விதைக்கு வைத்துத்தான் இன்றைய கதிர் வந்தது.

அந்த நாட்டிலே ஒரு பழங்கதை உண்டு. மனிதனைப் படைத்த பிறகு, அவன் எதைச் சாப்பிடுவான் என்று தேவர்களுக்குக் கவலை. அப்போது ஒரு செவ்வெறும்பு சோளமணியைத் தூக்கிக்கொண்டு போவதை கெட்சால்கோவாட்டில் என்ற தெய்வம் பார்த்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டால் எறும்பு லேசில் சொல்லவில்லை. விடாமல் கேட்டு, ஒரு மலையைக் காட்ட வைத்தது. பிறகு தெய்வமே கறுப்பு எறும்பாக மாறி, மலைக்குள் நுழைந்து, மணியைக் கொண்டுவந்து மனிதனுக்குக் கொடுத்ததாம். விதை என்றால் அவர்களுக்கு அவ்வளவு பெரிய காரியம்.

சுமார் 500 வருஷத்துக்கு முன்னால், அஸ்டெக் மக்கள் ஆண்ட காலத்தில், இளம்பெண்கள் ஏழு ஏழு கதிராகக் கட்டி, முதுகிலே சுமந்து சோளத் தாயின் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். பூஜை முடிந்த அந்தக் கதிர்கள் குதிருக்குப் போய், அடுத்த விதைப்புக்கு விதையாகும். இன்றைக்கும் பிப்ரவரி 2-ந் தேதி, பல கிராமங்களில் விதைக் கதிரை மாதா கோயிலுக்குக் கொண்டுபோய் ஆசி வாங்குகிறார்கள். நவம்பர் 1, 2 தேதிகளில் செத்துப்போன முன்னோருக்குப் படையல். நம்ம ஊர் செண்டுமல்லிப் பூதான் அங்கே படையல் பூ. அந்தப் பூவுக்கும் அதுதான் பிறந்த ஊர். படையலிலே தமால் என்ற சோளக் கொழுக்கட்டையும் இருக்கும்.

அந்தக் கொழுக்கட்டைக்கு மாவு எப்படி ஆட்டுகிறார்கள்? இங்கேதான் விஷயம். சோளத்தை அப்படியே அரைக்க மாட்டார்கள். சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையிலே தோல் போகக் கழுவி, அம்மி மாதிரி ஒரு கல்லிலே அரைப்பார்கள். நூறு பங்கு சோளத்துக்குச் சுமார் ஒரு பங்கு சுண்ணாம்பு. சிலர் சாம்பலும் போடுவார்கள். தினசரி ரொட்டிக்கும் இதே மாவுதான். வயலிலும் சோளம் தனியாக இருக்காது. சோளத் தட்டையைப் பற்றிக்கொண்டு பீன்ஸ் கொடி ஏறும். கீழே பரங்கிக் கொடி படர்ந்து களையை அடக்கும். பீன்ஸ் மண்ணுக்கும் உரம், சாப்பாட்டுக்கும் சத்து.

1492-ல் கொலம்பஸ் போய், அடுத்த வருஷம் திரும்பினார். சோளம் கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தது. நன்றாக விளைந்தது, மலிவாகக் கிடைத்தது. ஏழை ஜனங்களுக்கு மூன்று வேளையும் அதுவே சாப்பாடு ஆயிற்று. விதை வந்தது, அடுப்படியில் இருந்த சுண்ணாம்பு வரவில்லை.

விளைவு? 1735-ல் ஸ்பெயின் நாட்டு வைத்தியர் காஸ்பர் காசால் ஒரு புது வியாதியைப் பார்த்தார். வெயில் படுகிற கழுத்து, கையெல்லாம் தோல் கறுத்து உரியும். பேதியாகும். புத்தி தடுமாறும். கடைசியில் உயிர் போகும். இத்தாலியில் இதற்கு பெல்லக்ரா என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு அமெரிக்காவின் தென் மாகாணங்களில், 1906 முதல் 1940 வரை, சுமார் ஒரு லட்சம் பேர் இதிலே மாண்டார்கள். ஒட்டுவாரொட்டி என்று நினைத்துப் பயந்தார்கள். 1914-ல் ஆராய்ச்சியில் இறங்கிய டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர், இது தொற்று இல்லை, சாப்பாட்டுக் குறைதான் என்று நிரூபித்தார். அந்தச் சத்து நயாசின் என்று 1937-ல் தெரிந்தது. சோளத்திலே அது இருக்கிறது, ஆனால் பூட்டிக் கிடக்கிறது. சுண்ணாம்புதான் சாவி. மெக்சிகோ பாட்டிமார்கள் நயாசின் என்ற பேரே கேட்டதில்லை. ஆனால் சாவி அவர்கள் கையில் மூவாயிரம் வருஷமாக இருந்தது.

நாம் பயப்பட வேண்டியதில்லைங்க. பருப்பு, கீரை, பால் என்று கலந்து சாப்பிடுகிறவர்கள் சோளக்கதிரைத் தாராளமாகச் சுட்டுத் தின்னலாம். ஆனால் பாடத்தை மறக்கக்கூடாது. புது விதை வாங்கும்போது, எத்தனை மூட்டை விளையும் என்று கேட்கிறோம். அதை ஆதியிலே பயிரிட்டவர்கள் எதோடு சேர்த்து விதைத்தார்கள், எப்படிப் பக்குவம் பண்ணிச் சாப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்போம். நம்ம வீட்டுக் கிழவிகள் கம்புக்கும் கேழ்வரகுக்கும் செய்கிற பக்குவத்தையும், அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வோம்.