விதியல்ல, வேதியியல்!

தாய்மரத்தின் அச்சாகவே சேய்மரம் அமைய வேண்டும்! திசு வளர்ப்பு அறிஞர்தம் ஆவல் இதுதான். 1902-இல் ஆஸ்திரிய அறிஞர் ஹேபர்லாண்ட், தனியொரு செல்லினின்றே முழுச் செடியை எழுப்பலாம் என்னும் கருத்தை விதைத்தார். 1957-இல் ஸ்கூக், மில்லர் இருவரும் புகையிலைத் திசுவில் ஓர் உண்மை கண்டனர்: ஆக்சின் ஓங்கினால் வேர், சைட்டோகைனின் ஓங்கினால் தண்டு! செடியின் போக்கை ஆட்டிவைக்கும் திறவுகோல் மனிதன் கைக்கு வந்தது.

ஆனால் அச்சு பிசகிற்று. திசுவில் பிறந்த செடிகளிடையே மாறுபாடுகள் மலிந்திருப்பதை 1981-இல் லார்கினும் ஸ்கௌகிராஃப்டும் தொகுத்துக் காட்டினர். மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலோ, 1980-களில், வளர்ந்து நின்ற மரங்கள் சில உருக்குலைந்த கனி ஈன்றன. ஆண்டுகள் பல காத்தபின் தெரிந்த குறை! இட்ட உரமும் சிந்திய வியர்வையும் பாழ்!

ஹார்மோன்தான் குற்றவாளியா? மட்டுமீறிய ஆக்சினும், காலஸ் நிலையில் நெடுங்காலம் வளர்த்தலும் பிறழ்வைப் பெருக்கக்கூடும் என்பது மெய். ஆயினும் பிறழ்வின் இருப்பிடத்தை நாம் அறிந்தது 2015-இல்தான். அம்மரங்களில் மரபெழுத்து மாறவில்லை. அதன்மேல் ஒட்டியிருந்த மெத்தில் குறிகளே, ஒரு துணுக்கில் உதிர்ந்திருந்தன. அத்துணுக்குக்கு ஆய்வாளர் இட்டிருந்த பெயர் என்ன தெரியுமா? 'கர்மா'!

பெயர்தான் கர்மா, பொருளோ தலையெழுத்தன்று. நாற்றுப் பருவத்திலேயே சோதித்துக் குறையுள்ளதை விலக்க அக்கண்டுபிடிப்பு வழிகாட்டிற்று. விதியென்று கைகட்டி நின்றிருந்தால் கிட்டியிருக்குமா இவ்வழி? நாமும் காரணம் கேட்போம்!