காலற்ற பறவை: ஒரு பெயரின் வரலாறு

பெயர் பொருளின் இயல்பைக் காட்டும் என்பர். சிலவிடத்து அது பொருள் வந்த வழியையே காட்டிநிற்கும். நியூகினியிலும் அதனையடுத்த தீவுகளிலும் உள்ள காடுகளில் வாழும் 'பரடைசியா' என்னும் பறவைச் சாதி இதற்குத் தக்க சான்றாகும். ஆண் பறவைகளின் விலாப்புறத்தே பொன்னிறமாயும் செந்நிறமாயும் நீண்டு தொங்கும் இறகுகளே இச்சாதியின் சிறப்பு. இதன் இனங்களுள் ஒன்றுக்கு லின்னேயஸ் 1758 இல் 'அபோடா' எனப் பெயரிட்டார். 'காலற்றது' என்பது அதன் பொருள். ஆயின் அப்பறவைக்கு உறுதியான கால்கள் உண்டு. இம்முரண் எழுந்தவாற்றை ஈண்டு நோக்குவோம்.

நியூகினியினரும் அரு தீவினரும் பறவையின் தோலை உரித்து உலர்த்துகையில் கால்களையும் சிறகுகளையும் நீக்கினர், வேண்டப்பட்டது இறகே. அத்தோல்கள் கைமாறி மொலுக்காத் தீவுகளை அடைந்தன. மலாய் வணிகர் இவற்றைத் தெய்வப் பறவை எனப் பொருள்படும் 'மானுக் தேவதா' என்றும், செத்த பறவை எனப் பொருள்படும் 'புரோங் மாத்தி' என்றும் வழங்கினர். வணிகர் இவற்றை உயிருடன் கண்டிலர் என்பதைப் பின்னைய பெயரே உணர்த்துகின்றது.

மகெலனின் கப்பல்களுள் ஒன்றான 'விக்டோரியா' 1522 இல் ஸ்பெயினுக்கு மீண்டபோது, பச்சான் தீவின் மன்னன் அளித்த தோல்களைக் கொணர்ந்தது. உடன் சென்ற பிகபெற்றா, அவற்றுக்குச் சிறகுகள் இல்லை என்றும், கால்கள் நாணல்போல் மெல்லியன என்றும் குறித்துள்ளார். கால்கள் உண்டென்னும் சான்று தொடக்கத்திலேயே இருந்தது. எனினும் நிலத்தில் இறங்காது வானிலேயே வாழும் பறவை என்னும் கதையே ஐரோப்பாவில் வேரூன்றியது.

1857 இல் அரு தீவுகளில் தங்கிய வொலஸ், அங்குள்ள வேட்டுவர் அறிந்திருந்தவற்றை 1869 இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். ஆண் பறவைகள் கூடியாடும் மரங்களை அவர்கள் அறிவர். அக்கூட்டத்துக்கு 'சக்கலேலி' என்று பெயரும் இட்டிருந்தனர். மரத்தில் இலைக்குடில் அமைத்து மறைந்திருந்து, இறகிற் குருதி படாதவாறு மொட்டை அம்பால் எய்தனர். ஐரோப்பியர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தேடிய செய்தி, அப்பறவையைப் பிடித்தவர்களிடம் என்றும் இருந்தது. அவர்களை வினவுவார் அரியராயினர்.

இறகு வணிகம் அதன் பின்னரும் பெருகியது. பிரித்தானியா 1921 இலேயே இறகு இறக்குமதியைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது. 1971 இல் பப்புவா நியூகினி இச்சாதியின் 'ரக்கியானா' இனத்தைத் தன் கொடியிற் பொறித்தது. 'அபோடா' என்னும் பெயரோ, முதலில் இட்ட பெயரே நிலைக்கும் என்னும் விதியால் இன்றும் வழங்குகின்றது. பறவையைப் பற்றி அப்பெயர் கூறுவது பொய். ஆயின் வணிகத்தைப் பற்றி அது கூறுவது மெய். பழம்பெயர்களைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்று மாணவர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும் என்பதே எம் துணிபு.