நோர்வே லுண்டெஹுண்ட்

நோர்வே லுண்டெஹுண்ட் என்பது நோர்வே நாட்டின் லோஃபோட்டன் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த, சிறிய உடலமைப்புக் கொண்ட நாயினமாகும். நோர்வீஜிய மொழியில் 'லுண்டெ' என்பது பஃபின் என்னும் கடற்பறவையையும் 'ஹுண்ட்' என்பது நாயையும் குறிக்கும். செங்குத்தான கடற்பாறைகளின் வளைகளில் கூடு கட்டும் இப்பறவைகளை உயிருடன் பிடித்து வருவதே இந்நாயின் தொழிலாக இருந்தது. உலகின் அரிய நாயினங்களுள் இதுவும் ஒன்று.

உடலமைப்பு

ஆண் நாய் 35 முதல் 38 செ.மீ. உயரமும் ஏறத்தாழ 7 கி.கி. எடையும் கொண்டது, பெண் நாய் சற்றுச் சிறியது. செம்பழுப்பு நிற மயிரின் நுனி கறுத்திருக்கும். ஒவ்வொரு பாதத்திலும் குறைந்தது ஆறு விரல்கள் உள்ளன. இக்கூடுதல் விரல்கள் பெயரளவிலானவை அல்ல. எலும்பும் தசையும் கொண்டு, வழுக்கும் பாறையைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. முன்னங்கால்களை உடலுக்குச் செங்குத்தாகப் பக்கவாட்டில் விரிக்கவும், தலை முதுகைத் தொடும் அளவு கழுத்தைப் பின்னோக்கி வளைக்கவும் இதனால் இயலும். காதுகளை மடித்து மூடிக்கொள்வதால் வளையின் மண்ணும் நீரும் உட்புகுவதில்லை.

வரலாறு

வேரோய் தீவில் பஃபின் வேட்டைக்கு நாய்கள் பயன்பட்டது பற்றிய குறிப்பு 1591ஆம் ஆண்டிலேயே காணப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் வலை கொண்டு பறவை பிடிக்கும் முறை பரவியதும் நாய்களின் தேவை குறைந்தது. மலையால் துண்டிக்கப்பட்ட மோஸ்டாட் என்ற சிற்றூரில் மட்டும் இவ்வினம் எஞ்சியது.

1939இல் எலினோர் கிறிஸ்டி என்பவர் அவ்வூரிலிருந்து நான்கு நாய்களை வரவழைத்து, தென் நோர்வேயில் இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினார். 1943இல் நோர்வேயில் இவ்வினத்துக்கு ஏற்பு கிடைத்தது. ஆனால் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டிஸ்டெம்பர் எனும் தொற்றுநோய் தீவிலிருந்த நாய்களை ஏறக்குறைய முழுமையாக அழித்தது. கிறிஸ்டி தம் நாய்களுள் சிலவற்றைத் தீவுக்கு அனுப்பி உதவினார். பின்னர் 1944இல் அதே நோய் அவரது நாய்களையும் தாக்கியபோது ஒன்றே பிழைத்தது. 1960களின் தொடக்கத்தில் எஞ்சியவை ஆறு நாய்கள் மட்டுமே. அவற்றுள் ஐந்து ஒரே தாய்க்குப் பிறந்தவை. இன்று உலகெங்கும் வாழும் சுமார் 1,500 நாய்களும் இவ்வாறின் வழிவந்தவையே.

நோயும் மரபியல் நெருக்கடியும்

இந்நாயை வளர்க்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது ஆறு விரல்களைப் பற்றியன்று, குடலைப் பற்றி. இவ்வினத்தில் பரவலாகக் காணப்படும் குடல்நோயில் உடலின் புரதம் குடல் வழியே வெளியேறிவிடுகிறது. வயிற்றுப்போக்கு, வாந்தி, எடை குறைதல், கால்களிலோ வயிற்றிலோ நீர் கோத்தல் ஆகியன அறிகுறிகள். நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. கொழுப்புக் குறைந்த உணவு, உயிர்ச்சத்து பி12 ஊசி, குருதியில் அல்புமின் அளவை அவ்வப்போது சோதித்தல் ஆகியவற்றால் பல நாய்களை நெடுநாள் நலமாக வைத்திருக்க முடிகிறது. அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், நாய் நலமாக இருக்கும்போதே குருதிச் சோதனை செய்துவைப்பது நன்று. பின்னர் ஒப்பிட அது உதவும்.

2010களில் நோர்வே புஹுண்ட், ஐசுலாந்து மேய்ப்பு நாய், சுவீடனின் நோர்பொட்டன் ஸ்பிட்ஸ் ஆகிய இனங்களுடன் கலக்கும் திட்டத்தை நோர்வேயிலுள்ள இவ்வினத்துக்கான சங்கம் தொடங்கியது. தூய்மை கெடும் என்ற எதிர்ப்பும் உண்டு. எனினும், ஆறு நாய்களின் மரபணுக்களுக்குள்ளேயே சுழலும் இனத்துக்கு வேறு வழி இருப்பதாகத் தோன்றவில்லை.

பயிற்சியும் வாழ்க்கையும்

லுண்டெஹுண்ட் கூர்மையான அறிவும் பிடிவாதமும் உடையது. வளைக்குள் தனித்து முடிவெடுத்துப் பழகிய இனம் என்பதால் கட்டளைக்கு உடனே பணியும் என எதிர்பார்க்கலாகாது. அதட்டினால் ஒதுங்கிவிடும், சிறு தின்பண்டமும் குறுகிய பயிற்சி வேளைகளும் பலன் தரும். தின்பண்டத்திலும் கொழுப்பு குறைவாக இருக்க வேண்டும். அயலாரிடம் கூச்சம் காட்டும் இயல்புள்ளதால், குட்டிப் பருவத்திலேயே பலவகை மனிதர்களையும் ஒலிகளையும் பழக்குதல் அவசியம்.

வீட்டுக்குள் சிறுநீர், மலம் கழிக்காமல் இருக்கப் பழக்குவதே மிகக் கடினமான பகுதி. சில நாய்கள் வாழ்நாள் முழுதும் இதை முழுமையாகக் கற்பதில்லை. குறித்த நேரங்களில் வெளியே அழைத்துச் செல்வதும் கூண்டுப் பழக்கமும் ஓரளவு உதவும். உணவை மெத்தையின் அடியிலும் மூலைகளிலும் ஒளித்து வைக்கும் பழக்கமும், குரைக்கும் இயல்பும் உண்டு. வேலியில் ஏறித் தப்பிவிடக்கூடும். ஆதலால் தோட்டத்தில் தனியே விடுதல் கூடாது.

இக்குறைகளைப் பொறுத்துக்கொள்வோருக்கு இது விளையாட்டுத்தனம் மிகுந்த, குடும்பத்தாரிடம் ஒட்டிக்கொள்ளும் துணையாகும். பஃபின் வேட்டை இப்போது இல்லை. ஆயினும் பாறைகள் நிறைந்த மலைப்பாதையில் அழைத்துச் சென்றால், அவ்விரல்கள் எதற்காக அமைந்தன என்பதைக் காணலாம்.