நூலகமும் சந்தையும்

1981இல் யாழ்ப்பாணத்தில் எரிந்தது எது என்று கேட்டால் நாமெல்லோரும் நூலகம் என்போம். நூலகம் எரிக்கப்பட்டது ஜூன் 1 இரவு. முதல்நாள் இரவே கடைவீதியில் கடைகள் எரிக்கப்பட்டுவிட்டன. அவற்றைப் பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு.

1935இல் நூலகத்தைப் பொறுப்பேற்றது நகரசபை; 1949இல் அது மாநகரசபையாயிற்று. சந்தைக் குத்தகை, கடை வாடகை, ஆதன வரி எல்லாம் சேர்ந்த சபை நிதியிலேதான் நூலகமும் நடந்தது. ஆக, மரக்கறி விற்றவரின் காசும் அங்கே புத்தகமாயிற்று.

விரிவுரையாளனாக இருந்தபோது இந்தக் கணக்கு என் கண்ணிற் படவில்லை. பார்சிப்பனியில் தொழிற்சாலைச் சம்பளத்தில் வாடகை கட்டும்போதுதான் படுகிறது. அந்தக் கடைக்காரரின் நினைவுகளையும் தொகுக்காதவரை நாம் எழுதும் வரலாறு பாதிதான்.